பெரியவங்களுக்கு வாசிக்கக் கத்துக்கொடுக்குறது: அடிக்கடி கேக்குற கேள்விகள்

சாயங்கால வாசிப்பு வகுப்புல உதவி பண்றேன். அங்க வர்றவங்க, அவங்கள கூட்டிட்டு வர்ற வீட்டாளுங்க, "நானும் வந்து சொல்லிக்கொடுக்கலாமா"ன்னு கேக்குறவங்க எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே சந்தேகத்தத்தான் கேக்குறாங்க, அதனால அவங்க கேட்ட வார்த்தையிலயே இங்க சேத்துப் போட்டிருக்கேன். எல்லாமே 18 வயசு தாண்டின, தமிழ் வாசிக்கக் கஷ்டப்படுறவங்களப் பத்தினதுதான்.

என் தம்பிக்கு 34 வயசு. எட்டாவது வரைக்கும் போனான், ஆனா பஸ் போர்டு கூட எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான். இது சரியா படிக்காததாலயா, இல்ல ஏதாவது குறைபாடா?

மூணு விதமா இருக்கலாம். பள்ளிக்கூடமே ஒழுங்கா கிடைக்காதவங்க ஒரு வகை. ரெண்டாவது, பள்ளிக்கூடம் போயும் எழுத்து மட்டும் ஒட்டாதவங்க, பேச்சு, கைவேலை, ஆளுங்கள எடை போடுறது எல்லாம் நல்லா இருக்கும், வாசிப்புன்னு வந்தா மட்டும் நின்னுடும், இதத்தான் டிஸ்லெக்சியான்னு சொல்றது, மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல இதுக்கு "குறிப்பிட்ட கற்றல் குறைபாடு"ன்னு பேரு. மூணாவது அறிவுசார் குறைபாடு, அதுல வாசிப்பு மட்டும் இல்லாம புரிஞ்சுக்குறது, பணம் கையாளுறது, அன்றாட வேலை எல்லாத்துலயும் உதவி தேவைப்படும். ஒரே ஆளுக்கு ரெண்டு காரணம் சேந்தும் இருக்கலாம்.

தம்பி விஷயத்துல ரெண்டு கேள்வி கேட்டுப் பாருங்க. அதே பள்ளிக்கூடத்துக்குப் போன கூடப்பொறந்தவங்களுக்கு வாசிப்பு வந்துச்சா? அப்பா வழியிலயோ அம்மா வழியிலயோ வேற யாருக்காவது இதே கஷ்டம் இருக்கா? டிஸ்லெக்சியா குடும்பத்துல தொடர்ந்து வர்றது சகஜம். இன்னொண்ணு, தமிழ்ல எழுத்துக்கும் ஒலிக்கும் ஓரளவு நேரான தொடர்பு இருக்குறதால இந்தக் குறைபாடு பெரும்பாலும் தப்பாப் படிக்கிறதா வெளிய தெரியாது, ரொம்ப ரொம்ப மெதுவாப் படிக்கிறதாத்தான் தெரியும், அதனால வகுப்புல இவங்கள எல்லாம் சோம்பேறின்னு சொல்லி கடைசி பெஞ்சுல உக்கார வெச்சு அனுப்பிட்டாங்க. அந்தப் பேர முதல்ல எடுத்துப் போடுங்க.

முதல்ல எந்த டாக்டர்கிட்ட போகணும்?

கண் டாக்டர்கிட்ட. 40 வயசு தாண்டினா கிட்டப் பாக்குறது எல்லாருக்குமே மங்க ஆரம்பிக்கும், வாசிக்கிற பழக்கமே இல்லாதவருக்கு அது மங்கினதே தெரியாது. அடுத்து காது, ஏன்னா ஒலிய சரியா பிரிச்சுக் கேக்கலன்னா எழுத்தோட சேக்க முடியாது. இந்த ரெண்டும் சரின்னு தெரிஞ்ச பிறகு உளவியல் நிபுணர்கிட்ட போகலாம். ஆனா அந்த ரிப்போர்ட் வர்ற வரைக்கும் சொல்லிக்கொடுக்காம காத்திருக்க வேண்டாம், ரிப்போர்ட் எப்படி வந்தாலும் கீழ சொல்ற வேலையத்தான் செய்யப்போறோம்.

எனக்கு 41 வயசு. பொண்ணு புக்க எடுத்துட்டு வந்து "படிச்சுக் காட்டுப்பா"ன்னா நெஞ்சு அடைக்குது. இனிமே எனக்கு வருமா?

வரும். 2010ல பிரான்ஸ் மூளை ஆய்வாளர் ஸ்டனிஸ்லாஸ் டெஹேனோட குழு பிரேசில், போர்ச்சுகல் நாட்டுல எழுதப் படிக்கத் தெரியாத பெரியவங்களையும், வளந்த பிறகு கத்துக்கிட்டவங்களையும், சின்ன வயசுலயே கத்துக்கிட்டவங்களையும் ஸ்கேன் எடுத்து ஒப்பிட்டாங்க. வளந்த பிறகு கத்துக்கிட்டவங்க மூளையிலயும் எழுத்த அடையாளம் கண்டுபிடிக்கிற பகுதி வேலை செய்ய ஆரம்பிச்சிருந்துச்சு. அவங்க டிஸ்லெக்சியா இருக்குறவங்கன்னு இல்ல, ஆனா வயசு ஆயிடுச்சுன்னு மூளை கதவ சாத்திக்காதுங்குறதுக்கு அது நல்ல ஆதாரம்.

டிஸ்லெக்சியா இருந்தா அது முழுசாப் போயிடாது, அத மறைக்காம சொல்லிடுறேன். வேகம் மத்தவங்க அளவுக்கு வராம போகலாம், களைப்பா இருக்குற நாள்ல திரும்பத் தடுமாறும். ஆனா பொண்ணோட கதைப் புத்தகத்த முன்னாடி நாள் ராத்திரி ரெண்டு தடவ பாத்து வெச்சுட்டு மறுநாள் அவளுக்குப் படிச்சுக் காட்டுற நிலைமைக்கு வர முடியும், அந்த மாதிரி ஒரு குறிப்பான வேலைய வெச்சுக்கிட்டு ஆரம்பிங்க.

திரும்ப அ, ஆவன்னாவுல இருந்து ஆரம்பிக்கணுமா? 247 எழுத்து எப்போ முடியும்?

வேண்டாம். 12 உயிர், 18 மெய், ஒரு ஆய்தம், மீதி 216 உயிர்மெய், ஆனா அந்த 216ஐ தனித்தனியா மனப்பாடம் பண்ண வேண்டியதில்ல. கு, கூ வரிசைய மட்டும் கொஞ்சம் நின்னு பாக்கணும், அதுல கு, டு, து, பு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி வளையும். மத்ததெல்லாம் கால், கொம்பு, சுழின்னு சில குறிதான், ஒரு தடவ கி, டி, மி பிடிபட்டா அதே சுழி எல்லா மெய்யிலயும் ஏறும்.

முதல் நாள் எல்லா எழுத்தையும் கலைச்சுப் போட்டு எது தெரியும் எது தெரியாதுன்னு பாத்துடுங்க. பாதிக்கு மேல தெரிஞ்சிருக்கும், அத கத்துக்குறவருக்கே காட்டணும். அப்புறம் அவரோட பேரு, ஊரு, வீட்டுல இருக்குறவங்க பேரு, செய்ற வேலை, இதுல வர்ற எழுத்துல இருந்து ஆரம்பிங்க.

"கொடி"ங்குறத "கெரடி"ன்னு படிக்கிறாரு. கவனமே இல்லையா?

கவனமா படிக்கிறதாலதான் அப்படி வருது. "கொ"வுல முதல்ல கண்ணுல படுறது கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். வாய் சொல்ல வேண்டியது க் முதல்ல, ஒ அப்புறம். கண்ணு பாக்குற வரிசையும் வாய் சொல்ற வரிசையும் வேற வேற, இது கெ, கே, கை, கொ, கோ, கௌ எல்லாத்துலயும் உண்டு. அதோட காலுக்கும் "ர"வுக்கும் அடியில இருக்குற சின்ன கோடு மட்டும்தான் வித்தியாசம், சில போர்டுல அதுவும் இருக்காது. "கௌ"ல இருக்குற பின்பாதி அப்படியே "ள" மாதிரியே இருக்கும். ஒத்தக் கொம்பா ரெட்டைக் கொம்பாங்குறதுல செடி சேடியாகும். நம்ம கண்ணு பழகிட்டதால நமக்கு இது எதுவுமே தெரியறதில்ல.

ஒரே மாதிரி இருக்குற எழுத்த ஒரே நாள்ல சொல்லிக்கொடுக்காதீங்க. ன நல்லா உறுதியான பிறகு, சில வாரம் கழிச்சு ண எடுங்க, ல ள ழ, ர ற எல்லாத்துக்கும் இதே கதைதான். கொம்பு எழுத்துக்கு அட்டை வெட்டிக்கோங்க: க ஒரு அட்டை, கொம்பு ஒரு அட்டை, கால் ஒரு அட்டை. அவரே கையால க-வுக்கு ரெண்டு பக்கமும் வெச்சு வாயால "கொ"ன்னு சொல்லணும். கண்ணு, காது, வாய், கை நாலும் ஒரே நேரத்துல வேலை செய்யணும்ங்குறது 1930கள்ல அமெரிக்காவுல டாக்டர் சாமுவேல் ஆர்ட்டனும் ஆசிரியை அன்னா கில்லிங்ஹாமும் ஆங்கிலத்துக்கு உருவாக்கின முறையோட அடிப்படை, தமிழுக்கும் அது பொருந்துது.

ஒரு எழுத்துக்குப் பல ஒலி வர்றதையும் சொல்லிடுங்க. பக்கம், தங்கம், அகம் மூணுலயும் ஒரே க, ஒலி மூணு. "பஸ்"ல வர்ற பவும் "பல்"லுல வர்ற பவும் ஒண்ணு இல்ல. முதல்ல ஒரு ஒலிய வெச்சு சொல்லிப் பாருங்க, தெரிஞ்ச வார்த்தையா கேக்கலன்னா ஒலிய மாத்திப் பாருங்கன்னு பழக்கணும், பெரியவங்களுக்கு வார்த்தை நிறைய தெரியும்ங்குறதால இதுல குழந்தைங்கள விட வேகமா வருவாங்க. 60 வயச தாண்டினவங்களுக்கு இன்னொரு குழப்பம், 1978ல எழுத்துச் சீர்திருத்தம் வர்றதுக்கு முன்னாடி லை, னை, ணை, றா எல்லாம் வேற வடிவத்துல படிச்சிருப்பாங்க, அவங்க பாதி மறந்தது அந்தப் பழைய வடிவமா இருக்கலாம், கேட்டுப் பாருங்க.

பேச்சுன்னா பிரமாதம், எங்க தெருவுல பஞ்சாயத்தே அவருதான் பண்ணுவாரு. ஆனா படிச்சு முடிச்சா என்ன படிச்சேன்னு தெரியலங்குறாரு. ஏன்?

நான் ரொம்ப முக்கியம்னு நினைக்கிற கேள்வி இது. நாம பேசுற தமிழும் அச்சுல இருக்குற தமிழும் ரெண்டு. வாயில "வந்துட்டிருக்காங்க", பேப்பர்ல "வந்துகொண்டிருக்கிறார்கள்". அவரு வ-ந்-து-கொ-ண்-டி-ன்னு எழுத்துக் கூட்டி முடிக்கும்போது கைக்கு வர்றது அவரு வாழ்க்கையில ஒரு தடவ கூட பேசாத வார்த்தை. வாசிக்கிறதே பெரும்பாடு, அதுல மொழிபெயர்ப்பு வேலையும் சேந்துடுது.

அதனால அவரு பேச்சுல இருந்து ஆரம்பிங்க. இன்னைக்கு வேலையில என்ன நடந்துச்சுன்னு கேளுங்க, அவரு சொல்றத திருத்தாம அப்படியே பேச்சுத் தமிழ்லயே பெருசா நாலஞ்சு வரி எழுதுங்க, "நேத்து கரண்ட் போயிருச்சு, சூப்பர்வைசர் எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாரு"ன்னு. அத அவரே படிக்கட்டும். அடுத்து என்ன வார்த்தை வரும்னு அவருக்குத் தெரியும், அதனால எழுத்து மேல மட்டும் கவனம் போகும், அர்த்தம் தானா வரும். சில வாரம் கழிச்சு அதே நாலு வரிய எழுத்துத் தமிழ்ல பக்கத்துல எழுதிக் காட்டுங்க: போயிருச்சு, போய்விட்டது; சொல்லிட்டாரு, சொல்லிவிட்டார். வால் எங்க மாறுதுன்னு அவரே கோடு போடட்டும். கிறது, கிறார்கள், விட்டது, இருந்து, உடையன்னு ஒரு சின்ன கூட்டம்தான் திரும்பத் திரும்ப வரும், அது பழகிட்டா நீளமான வார்த்தைய பின்னாடி இருந்து வெட்டிப் படிக்க வந்துடும். எழுத்துத் தமிழ்தான் ஒசத்தி, பேச்சு கொச்சைன்னு நினைச்சு இந்த முதல் படிய தாண்டிக் குதிக்கிற டீச்சருங்ககிட்டதான் பெரியவங்க பாதியில நின்னுடுறாங்க.

குழந்தைக் கதை குடுத்தா கோச்சுக்கிட்டுத் தூக்கிப் போட்டுடுறாரு. வேற என்ன குடுக்கலாம்?

கோவம் நியாயம்தானே, குடும்பத்தையே தாங்குற ஆளுக்கு முயல் ஆமை கதை எதுக்கு. முதல் இடம் மேல சொன்ன அவரோட சொந்த வரிங்க. அப்புறம் பஸ் போர்டு, கடை போர்டு, ரேஷன் கடையில இருந்து வர்ற எஸ்எம்எஸ், கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், வாட்ஸப்ல மாமா அனுப்புற மெசேஜ். தினத்தந்தி தலைப்புச் செய்தி நல்லா ஒத்துவரும், 1942ல மதுரையில சி.பா. ஆதித்தனார் ஆரம்பிச்சப்பவே சாதாரண ஜனங்களுக்குப் புரியுற தமிழ்னுதான் அத நடத்தினாரு, டீக்கடையில பேப்பர கையில எடுக்குறதே சிலருக்குப் பல வருஷ ஆசையா இருக்கும்.

வீட்டுல குழந்தை இருந்து அதுக்குப் படிச்சுக் காட்டணும்னு அவரே கேட்டா மட்டும் கதைப் புத்தகம் எடுங்க. பிரதம் புக்ஸ் பதிப்பகத்தோட ஸ்டோரிவீவர் இணையதளத்துல தமிழ்க் கதைங்க நிலை வாரியா இலவசமா இருக்கு.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்? தப்பாப் படிச்சா உடனே திருத்தணுமா?

இருபது நிமிஷம் போதும், ஆனா வாரத்துல பெரும்பாலான நாள் நடக்கணும். ஞாயித்துக்கிழமை மட்டும் மூணு மணி நேரம்னு வெச்சா அடுத்த ஞாயிறுக்குள்ள பாதி போயிடும். கொஞ்ச நேரம் எழுத்து அட்டை, கொஞ்ச நேரம் பழைய வரி, கடைசியில புதுசா ஏதாவது, அவ்வளவுதான்.

திருத்துறதப் பத்தி: முதல்ல ரெண்டு பேரும் சேந்தே வாய்விட்டுப் படிங்க, உங்க குரல் அவரு வேகத்துக்கு இறங்கணும். தனியா படிக்கலாம்னு தோணும்போது அவரு மேசையத் தட்டட்டும், நீங்க நிறுத்திக்கோங்க. தடுமாறினா மனசுக்குள்ள நாலு எண்ணுங்க, வரலன்னா வார்த்தையச் சொல்லிடுங்க, அவரு ஒரு தடவ திருப்பிச் சொல்லட்டும், மறுபடி சேந்து போங்க. "நேத்துதானே சொன்னேன்"ங்குற வார்த்தை மட்டும் வாயில வரவே கூடாது. அதே பத்திய மூணு நாள் படிக்கிறது தப்பில்ல, வேகம் வர்றது திரும்பத் திரும்பப் படிக்கிறதுலதான்.

எழுத்தெல்லாம் நகருதுங்குறாரு. கலர் கண்ணாடி, டிஸ்லெக்சியா ஃபான்ட் எல்லாம் வாங்கலாமா?

கலர் கண்ணாடிக்குப் பணம் செலவு பண்ணாதீங்க. டிஸ்லெக்சியாவுக்கு அது உதவும்ங்குறதுக்கு ஆதாரம் இல்லன்னு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் கண் மருத்துவர் சங்கமும் 2009லயே கூட்டா அறிக்கை குடுத்தாங்க. டிஸ்லெக்சியாவுக்குன்னே செஞ்ச ஃபான்ட், அதாவது எழுத்து வடிவம், விஷயத்துலயும் உறுதியான பலன் எதுவும் தெரியல. உண்மையில உதவுறது பெரிய எழுத்து, எழுத்துக்கு நடுவுல இடைவெளி, வரிக்கு நடுவுல இடைவெளி, கீழ் வரிய மறைக்க ஒரு அட்டை. எழுத்து நகருதுன்னா ரெண்டாவது கேள்வியில சொன்ன கண் பரிசோதனைய முதல்ல முடிங்க.

போன்ல எல்லாத்தையும் குரல்ல கேட்டுட்டா அப்புறம் படிக்கவே கத்துக்க மாட்டாரே?

பயப்படாதீங்க, ரெண்டும் சேந்தே போகட்டும். வாசிப்பு வர்றதுக்கு மாசக்கணக்குல ஆகும், ஆஸ்பத்திரி சீட்டும் பேங்க் மெசேஜும் அதுவரைக்கும் காத்திருக்காது. கூகுள் லென்ஸ்ல போர்டையோ பேப்பரையோ காட்டினா படிச்சுச் சொல்லும், ஆண்ட்ராய்டுல செலக்ட் டு ஸ்பீக்ன்னு ஒரு வசதி, தொட்ட இடத்தப் படிக்கும், கீபோர்டுல மைக்க அமுக்கிப் பேசினா தமிழ்லயே டைப் ஆகும். தான் பேசினது எழுத்தா வர்றதப் பாக்குறதே நல்ல பயிற்சி, அப்படியே கண்ணால தொடர்ந்து படிக்கச் சொல்லுங்க. கூகுள் ரீட் அலாங் ஆப்ல தமிழ் இருக்கு, நாம வாய்விட்டுப் படிக்கிறதக் கேட்டு உதவும், ஆனா உள்ள இருக்குறது குழந்தைக் கதைங்கதான்.

புத்தகத்த காதால கேக்க விரும்புறவங்களுக்கு சுகம்ய புஸ்தகாலயான்னு இணைய நூலகம் 2016ல இருந்து இருக்கு. நம்ம பதிப்புரிமைச் சட்டத்துல 2012ல கொண்டுவந்த திருத்தப்படி, அச்சுல வாசிக்க முடியாதவங்களுக்காக புத்தகத்த ஒலியாவோ வேற வடிவமாவோ மாத்திக்குடுக்கலாம். இது பார்வையில்லாதவங்களுக்கு மட்டும்னு நினைச்சுப் பலபேரு கேக்காமயே விட்டுடுறாங்க, டிஸ்லெக்சியா இருக்குறவங்களுக்கும் உண்டு.

தமிழா இங்கிலீஷா, எது முதல்ல? இங்கிலீஷ்தான் சோறு போடும்ங்குறாங்க.

அவரு எத யோசிக்காம பேசுறாரோ அது முதல்ல. ஆங்கில எழுத்துக்கூட்டல் டிஸ்லெக்சியாவுக்கு இன்னும் கடினம். ஆனா மாத்திரை அட்டை, பனியன் கம்பெனி சைஸ் லேபிள், எக்ஸிட், டேஞ்சர் மாதிரி போர்டு எல்லாம் ஆங்கிலத்துல இருக்கே, அந்த மாதிரி தேவையான வார்த்தைய முழுசா ஒரு படம் மாதிரி மனசுல பதிய வெச்சுடலாம், எழுத்துக் கூட்ட வேண்டாம். மாத்திரைக்கு மருந்துக்கடையில காலை, மதியம், ராத்திரின்னு தமிழ்ல எழுதித் தரச் சொல்லுங்க.

என் தங்கச்சிக்கு அறிவுசார் குறைபாடு, 26 வயசு. அவளுக்கும் இதெல்லாம் சரிவருமா? "அவளுக்கு எதுக்கு படிப்பு"ன்னு வீட்டுலயே சொல்றாங்க.

சரிவரும், படி இன்னும் சின்னதா இருக்கணும், திரும்பத் திரும்ப இன்னும் நிறைய தடவ. முழு வார்த்தையும் படமும் சேத்து ஆரம்பிங்க, வீட்டுப் பொருள் மேல பேரு ஒட்டுங்க, அவளுக்குப் பிடிச்ச நடிகர் பேரு, சாப்பாட்டுப் பேரு, பெண்கள், ஆபத்து, தொடாதே மாதிரி வெளிய போனா தேவைப்படுற வார்த்தை. டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலயே வர்ற, அறிவுசார் குறைபாட்டோட சேந்த ஒரு நிலை) இருக்குறவங்க பலருக்கு காதால கேட்டு வெச்சுக்குறத விட கண்ணால பாத்தது நல்லா நிக்கும், காது கேக்குற பிரச்சினையும் அவங்களுக்கு அதிகம், அதனால காது பரிசோதனைய விடாதீங்க. எழுத்து வாசிக்க வந்துடுச்சுன்னு அங்கயே நிறுத்தாம "இதுல என்ன சொல்லியிருக்கு, அதுக்கு நீ என்ன பண்ணுவ"ன்னு கேட்டுப் பழக்கணும்.

வீட்டுல சொல்றவங்களுக்கு: 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தோட 18வது பிரிவு முதியோர் கல்வியில இவங்களுக்கும் மத்தவங்களுக்குச் சமமா இடம் இருக்கணும்னு அரசாங்கத்தையே கட்டாயப்படுத்துது. உதவி தேடுறவங்க சென்னைக்குப் பக்கத்துல முட்டுக்காட்டுல இருக்குற பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்துல விசாரிக்கலாம்.

டிஸ்லெக்சியாவுக்கு சர்டிஃபிகேட் உண்டாமே, பெரியவங்க வாங்கினா என்ன பயன்?

உண்டு. மேல சொன்ன 2016 சட்டத்துல இருக்குற 21 குறைபாட்டுல குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒண்ணு. குறைபாட்டோட அளவு 40 சதவீதமோ அதுக்கு மேலயோன்னு சான்று வந்தா அரசு வேலையில மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீத இடஒதுக்கீட்டுக்குள்ள வருவாங்க, அதுல 1 சதவீதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல குறைபாடு சேந்து இருக்குறவங்க எல்லாருக்கும் சேத்து. சான்றுக்கும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் ஆன்லைன்ல பதிவு பண்ணிட்டு அரசு ஆஸ்பத்திரியில இருக்குற டாக்டர் குழுகிட்ட போகணும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல வழி சொல்லுவாங்க. பரீட்சை எழுதுற எண்ணம் இருந்தா அவசியம் முயற்சி பண்ணுங்க. வாசிக்கக் கத்துக்குறது மட்டும்தான் நோக்கம்னா சான்று இல்லாமலேயே எல்லாம் நடக்கும்.

அரசாங்க எழுத்தறிவு வகுப்புல சேத்துவிட்டா போதாதா?

சேத்துவிடுங்க, நல்ல விஷயம். 2022ல இருந்து நடக்குற புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 15 வயசு தாண்டின, எழுதப் படிக்கத் தெரியாத எல்லாருக்கும், தன்னார்வலருங்கதான் நடத்துறாங்க. ஆனா அது பள்ளிக்கூடம் கிடைக்காதவங்கள மனசுல வெச்சு வேகம் போடுற வகுப்பு. நம்ம ஆளு முதல் கேள்வியில சொன்ன ரெண்டாவது வகைன்னா பாடம் ஓடிடும், இவரு நின்னுடுவாரு, "இப்பவும் எனக்கு மட்டும் வரல"ன்னு பழைய காயம் திறந்துக்கும். நடத்துறவருகிட்ட முன்னாடியே தனியா சொல்லி வெச்சுட்டு, வீட்டுல அந்த இருபது நிமிஷத்தையும் நடத்துங்க.

கேட்டாலே "கண்ணாடி மறந்துட்டேன், நீயே படி"ன்னு தப்பிச்சுக்குறாரு. எப்படி ஒத்துக்க வைக்கிறது?

ஒத்துக்க வைக்கணும்னு நிக்காதீங்க. சின்ன வயசுல எல்லார் முன்னாடியும் எழுப்பி நிக்க வெச்சுப் படிக்கச் சொல்லி அவமானப்பட்டவங்க இவங்க, கல்யாணமாகி பல வருஷம் பொண்டாட்டிகிட்ட கூட மறைச்சவங்க உண்டு. "படிக்கத் தெரியலதானே"ன்னு ஆரம்பிக்காம "இந்த மெசேஜ் வந்திருக்கு, சேந்து பாக்கலாமா"ன்னு ஆரம்பிங்க. பல நேரம் வீட்டாளு சொல்லிக்கொடுக்குறத விட வெளியாளு சொல்லிக்கொடுக்குறது நல்லா நடக்கும், புருஷன் பொண்டாட்டி சண்டை பாடத்துக்குள்ள வராது பாருங்க. பெத்த பிள்ளைய டீச்சரா உக்கார வைக்கிறதுன்னா அவரு வாயால கேட்டா மட்டும்.

என் பட்டறையில வேலை பாக்குறவருக்குப் படிக்க வராதுன்னு இப்பதான் தெரிஞ்சுது. முதலாளியா நான் என்ன பண்ணலாம்?

மத்தவங்க முன்னாடி எதையும் படிக்கச் சொல்லாதீங்க. என்ன வேலைன்னு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. கையெழுத்து வாங்குறதுக்கு முன்னாடி முழுசாப் படிச்சுச் சொல்லுங்க, ஒரு காப்பி வீட்டுக்குக் குடுத்து நிதானமா யார்கிட்டயாவது காட்டிட்டு வரச் சொல்லுங்க. பட்டறையில வர்ற ஒரு இருபது முப்பது வார்த்தைய, பொருள் பேரு, மிஷின் பேரு, எச்சரிக்கை போர்டு, பெருசா எழுதிக் குடுத்தா அதுவே அவருக்கு முதல் பாடப்புத்தகம்.

மூணு மாசமா அதே இடத்துல நிக்கிறோம். நிறுத்திடலாமா?

நிக்கிறீங்களான்னு முதல்ல உறுதி பண்ணுங்க. ஆரம்பத்துலயே ஒரு பத்திய அவரு படிக்கிறத போன்ல ரெக்கார்ட் பண்ணி வெச்சிருக்கணும், இல்லன்னா இன்னைக்குப் பண்ணுங்க. மாசம் ஒரு தடவ அதே பத்தி, அதே ஆளு, கேட்டுப் பாத்தா வித்தியாசம் ரெண்டு பேருக்குமே தெரியும். கூடவே வேலை கணக்கும் பாருங்க: பஸ் போர்ட தானே பாத்து ஏறினாரா, ஜிபேல பேரு சரிதானான்னு தானே பாத்து அனுப்பினாரா.

உண்மையிலயே நகரலன்னா, பெரும்பாலும் பாடம் கடினமாயிருக்கும். பத்து வார்த்தையில ஒண்ணுக்கு மேல தடுமாறினா அந்தப் பத்தி அவருக்கு இப்போதைக்கு வேண்டாம், ஒரு படி இறங்குங்க. கொம்பு எழுத்துலயே நிக்கிறாருன்னா மேல "கொடி" கேள்வியில சொன்ன அட்டைக்குத் திரும்புங்க. எழுத்து வருது, அர்த்தம் வரலன்னா பேச்சுத் தமிழ் வரிக்குத் திரும்புங்க. நைட் ஷிஃப்ட் வாரத்துல பாடத்த பத்து நிமிஷமா குறைச்சு, புதுசா எதுவும் எடுக்காம பழசையே படிங்க.